மைல் கணக்கு

அமெரிக்காவில் பெட்ரோலுக்குப் பெயர் 'கேஸ்'. 2022 கோடையில் ஊருக்குப் போன் போட்டு "கேஸ் விலை எகிறிப் போச்சும்மா" என்றால், அம்மா உடனே "இங்கயும்தான், சிலிண்டர் ஆயிரத்தைத் தாண்டிருச்சு" என்பார். நான் காருக்குப் போடும் கேஸைச் சொல்கிறேன் என்று விளக்குவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். ஒரு விதத்தில் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. மார்ச் மாதம் அமெரிக்கா ரஷ்ய எண்ணெய் இறக்குமதியைத் தடை செய்தது. கொரோனா காலத்தில் சில சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டிருந்தன. அடங்கிக் கிடந்த ஜனங்களோ மறுபடியும் ஊர் சுற்றக் கிளம்பியிருந்தார்கள். எல்லாம் சேர்ந்து ஜூன் 14 அன்று அமெரிக்காவின் சராசரி விலை கேலனுக்கு 5.01 டாலரைத் தாண்டியது. நாங்கள் இருக்கும் கலிஃபோர்னியாவில் அதே நாளில் 6.43 டாலர். இங்கே மாநிலத்துக்கென்று தனிக் கலவையில் பெட்ரோல் காய்ச்ச வேண்டும், அதைக் காய்ச்சும் ஆலைகள் குறைவு, மாநில வரியும் அப்போது கேலனுக்கு 51.1 சென்ட். அதனால் நாட்டில் விலை ஓர் அடி ஏறினால் எங்களுக்கு ஒன்றரை அடி ஏறும்.

ஐரோப்பாவிலிருந்து இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். அதே கோடையில் இங்கிலாந்தில் ஒரு லிட்டர் 1.90 பவுண்டைத் தாண்டியது. ஜெர்மனியில் மாதம் 9 யூரோவுக்கு உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றிலும் போகலாம் என்று மூன்று மாதம் சீட்டு கொடுத்தார்கள். அப்பாவுக்காக நான் ஒரு நாள் உட்கார்ந்து கேலனை லிட்டராக்கி, டாலரை ரூபாயாக்கிப் பார்த்தேன். அமெரிக்கச் சராசரி லிட்டருக்குச் சுமார் 103 ரூபாய் வந்தது. அன்றைக்குச் சென்னையில் பெட்ரோல் 102.63. "அட, நம்ம ஊர் விலைதானே! இதுக்கா இவ்வளவு கூப்பாடு?" என்றார் அப்பா. விலை ஒன்றுதான், வருமானம் ஒன்றில்லை. ஆனால் தூரமும் ஒன்றில்லை. அப்பா வாரம் முழுக்க ஸ்கூட்டரில் போகும் தூரத்தை இங்கே நான் ஒரு காலை நேரத்தில் போய்விடுவேன்.

ஏனென்றால் வீடு டிரேசியில், அலுவலகம் சான் ஹோசேயில். நடுவில் ஆல்டமாண்ட் மலை. வீட்டு விலை கட்டுப்படியாகாமல் மலைக்கு இந்தப் பக்கம் வந்து குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் நாங்களும் ஒன்று. போக 50 மைல், வர 50 மைல். இரண்டு வருடம் வீட்டிலிருந்தே வேலை பார்த்ததில் அந்த மலை மறந்தே போயிருந்தது. 2022 வசந்தத்தில் வாரம் மூன்று நாள் அலுவலகம் வரச் சொன்னார்கள். சரியாகப் பெட்ரோல் விலை ஏறிய நேரம்.

எங்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. என் மனைவி இட்லி மாவு வியாபாரம் செய்கிறாள். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பொதுச் சமையலறையில் கிரைண்டர் போட்டு அரைத்து, பெட்டியில் அடைத்து, டிரேசியிலிருந்து சான் ரமோன் வரை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. விநியோகம் செய்பவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், தன்னுடைய பழைய மினிவேனில். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு நாற்பது பெட்டி, எண்பது மைல்.

விலை 6 டாலரைத் தாண்டிய வாரத்தில் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மகனின் கராத்தே வகுப்பை நிறுத்தலாம். ஊருக்கு அனுப்பும் பணத்தைக் கொஞ்ச நாள் குறைக்கலாம். மாவு வியாபாரத்தையே கோடை முடியும்வரை மூடிவைக்கலாம். இது கடைசியாக வந்த யோசனை, நான்தான் சொன்னேன். மனைவி பதில் பேசாமல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். பத்து நிமிஷம் கழித்து வந்து, "முதல்ல எவ்வளவு ஓட்டறோம்னு எழுதுங்க. அப்புறம் எதை மூடலாம்னு பேசலாம்" என்றாள்.

மென்பொருள் வேலையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் அதுதான். ஒரு புரோகிராம் மெதுவாக ஓடினால், எந்த வரி நேரத்தைத் தின்கிறது என்று அளந்து பார்க்காமல் கோடில் கை வைக்கக் கூடாது. நாம் சந்தேகப்படும் இடம் பெரும்பாலும் காரணமாக இருக்காது. இரண்டு வாரம் காரில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். ஏறும்போது ஒரு எண், இறங்கும்போது ஒரு எண், எதற்குப் போனோம் என்று ஒரு வார்த்தை.

வாரத்துக்கு அலுவலகம் 300 மைல், மாவு 400 மைல், வீட்டுக் காரியம் 140 மைல் என்று வந்தது. கராத்தே வகுப்பு வாரத்துக்கு ஆறே மைல்! அதை நிறுத்தினால் வாரத்துக்கு ஒன்றரை டாலர் பெட்ரோல் மிச்சம், ஒரு பையனின் முகம் வாட்டம். அந்த யோசனை அன்றே செத்தது.

அலுவலகக் கணக்கை முதலில் எடுத்தேன். என் கார் கேலனுக்கு 25 மைல் கொடுக்கும். வாரம் 12 கேலன், மாதம் 48. ஜனவரியில் இங்கே விலை 4.65 அளவில் இருந்தபோது மாதம் 223 டாலர். ஜூனில் அதுவே 307. ஏற்றம் 84 டாலர்தான். உண்மையில் என்னை உறுத்த வேண்டியது அந்த 84 அல்ல, விலை ஏறுவதற்கு முன்பே போய்க்கொண்டிருந்த 223. பெட்ரோல் விலை நம் கையில் இல்லை. எத்தனை மைல் ஓட்டுகிறோம், அந்த மைலை எத்தனை பேர் பங்கு போடுகிறோம் என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது.

அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அதே திசையில் போகிறவர்கள் மூன்று பேர் கிடைத்தார்கள். ஒருவர் மதுரை, ஒருவர் விஜயவாடா, ஒருவர் பஞ்சாப். நான்கு பேர், ஒரு கார், ஆளுக்கொரு வாரம். மாதம் 307 டாலர் 77 ஆகிவிட்டது. கார்பூல் என்பதால் தனி ஆளாய்ப் போவதைவிட நேரமும் மிச்சம். முதல் வாரமே நான்கு விதிகள் போட்டோம்: ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, காரில் ஆபீஸ் மீட்டிங் கூடாது, பாட்டு ஓட்டுபவர் இஷ்டம், வெங்காய பஜ்ஜி வண்டிக்குள் கூடாது. நான்காவது விதிக்குக் காரணமானவர் மதுரைக்காரர்.

ஆள் சேராத நாட்களுக்கு ரயில் இருக்கிறது. ஸ்டாக்டனிலிருந்து டிரேசி வழியாக சான் ஹோசே போகும் ஏஸ் ரயில். சீட்டுக்கான பணத்தை வரிக்கு முன்பே சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம். 2022இல் அதற்கு மாத வரம்பு 280 டாலர். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் இப்படி ஏதாவதொரு பயணச் சலுகை தந்தாக வேண்டும் என்பது விதி. பல பேர் கேட்பதேயில்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது இருக்கலாம், ஹெச்.ஆரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது வீட்டுக் காரியங்கள். நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வாரத்தில் 31 பயணங்கள். அதில் 19 இரண்டு மைலுக்குள். கொத்தமல்லி வாங்க ஒரு தடவை, வந்தபின் மறந்த தயிருக்கு ஒரு தடவை. என்ஜின் சூடாவதற்குள் முடிந்துவிடும் இந்தச் சின்னப் பயணங்களில்தான் மைலுக்கு அதிகப் பெட்ரோல் செலவாகிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டினோம். வேண்டியதை அதில் எழுது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி போகும் வழியிலேயே எல்லாம். நடுவில் தீர்ந்தால் சைக்கிள். தயிருக்குச் சைக்கிளில் போய்வர மகன் ஒரு டாலர் கூலி கேட்டான். ஒப்புக்கொண்டோம்.

மொத்த விலைக் கடையில் கேலனுக்கு 30 சென்ட் குறைவு என்று வண்டிகள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்திருப்பீர்கள். 12 கேலன் போட்டால் மிச்சம் 3.60. அதற்கு எட்டு மைல் சுற்றிப் போய், என்ஜினை ஓடவிட்டு 25 நிமிஷம் நின்றால் மிச்சத்தில் பாதிக்கு மேல் புகையாகப் போய்விடும். சாமான் வாங்கப் போகிற நாளில், வரிசை சின்னதாக இருந்தால் போடலாம். பெட்ரோலுக்காக மட்டும் போவது நஷ்டம்.

மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவைதான், செய்வதுதான் குறைவு. போன கோடையில் முகாமுக்குப் போனபோது கூரையில் மாட்டிய சாமான் பெட்டி அப்படியே இருந்தது. நெடுஞ்சாலையில் அதுவே மைலேஜில் பத்து சதவீதத்துக்கு மேல் தின்னும். கழற்றினேன். டயரில் காற்று பார்த்தேன். 50 மைல் வேகத்துக்கு மேல் போகப் போக மைலேஜ் சட்டென்று விழும் என்பதால் 80இல் போன இடத்தில் 65இல் போகப் பழகினேன்; ஆபீஸுக்கு ஆறேழு நிமிஷம் தாமதம், அவ்வளவுதான். பிரீமியம் பெட்ரோல் போடுகிறவர்கள் காரோடு வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள். 'கட்டாயம்' என்று போட்டிருந்தால் போடத்தான் வேண்டும். அப்படி எதுவும் இல்லாத காருக்குப் பிரீமியம் போடுவதால் ஒரு பயனும் இல்லை.

நண்பர்கள் சிலர் "பேசாம எலக்ட்ரிக் வாங்கிடு" என்றார்கள். நல்ல கார்தான். பழைய கார் ஓய்ந்துவிட்டது, எப்படியும் புதிது வாங்கத்தான் வேண்டும் என்றால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஆனால் கடன் முடிந்த, நன்றாக ஓடுகிற காரைக் கொடுத்துவிட்டு, மாதம் 200 டாலர் பெட்ரோலை மிச்சம் பிடிக்க மாதம் 700 டாலர் தவணை கட்டுவது சிக்கனம் ஆகாது. அரசாங்கம் ஏதாவது செய்யும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. மத்திய அரசின் பெட்ரோல் வரியை மூன்று மாதம் நிறுத்தலாம் என்று அதிபர் பைடன் ஜூனில் கேட்டார், காங்கிரஸ் செய்யவில்லை. செய்திருந்தாலும் அது கேலனுக்கு 18.4 சென்ட், 12 கேலனுக்கு இரண்டேகால் டாலருக்கும் குறைவு. கலிஃபோர்னியா அரசு அக்டோபர் முதல் வருமானத்தைப் பொறுத்து 200 முதல் 1,050 டாலர் வரை அனுப்பியது. வந்தபோது சந்தோஷம்தான், வரும் என்று எண்ணிக் கோடையை ஓட்ட முடியாது.

கடினமானது மாவுக் கணக்கு.

மற்றவர் காரை நம் வேலைக்குப் பயன்படுத்தினால் அந்தச் செலவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம். வருமான வரித் துறை சொல்லும் மைல் விகிதப்படி ஆரம்பத்திலிருந்தே அக்காவுக்குக் கொடுத்துவந்தோம். 2022 தொடக்கத்தில் அது மைலுக்கு 58.5 சென்ட். அதில் பெட்ரோல் மட்டும் இல்லை. இன்சூரன்ஸ், டயர், கார் தேய்மானம் எல்லாம் அடக்கம். அவருடைய வேன் கேலனுக்கு 20 மைல்தான் கொடுக்கும். ஜனவரியில் மைலுக்கு 23 சென்ட் பெட்ரோலுக்குப் போய், 35 சென்ட் வண்டிக்கு மிஞ்சியது. ஜூனில் பெட்ரோலுக்கே 32 சென்ட். நாடு முழுவதற்கும் ஒரே விகிதம் என்பதால் எங்கள் மாநிலத்தின் விலை அதில் தெரியாது.

அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மனைவிதான் ஒரு நாள் பேச்சை எடுத்தாள். அவர் சொன்னது இது: "அங்க அண்ணா மூண்டு நாளா பெற்றோல் கியூவில நிக்கிறார். சாப்பாடு கொண்டு போய்க் குடுக்கினம். நான் இங்க போய் நிண்ட உடன நிரப்பிக்கொண்டு வாறன். விலை கூடிப்போச்செண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல, பிள்ளை."

அந்தக் கோடையில் இலங்கையில் பெட்ரோலே இல்லை. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், காருக்கு 20 லிட்டர் என்றுதான் ஆரம்பித்தார்கள். அக்கா இங்கே சம்பாதிப்பதில் ஒரு பகுதி மாதாமாதம் அந்தக் குடும்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மாவு வியாபாரத்தைக் கோடைக்கு மூடினால், எங்களுக்கு அது ஒரு சின்ன வருமானக் குறைவு. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்கு அது வேறு.

அதனால் கேள்வி மாறியது. அக்காவின் சம்பளம் குறையாமல், மைல் மட்டும் எப்படிக் குறையும்?

ஒரு நாளுக்கு 80 மைல், 58.5 சென்ட், மொத்தம் 46.80 டாலர். நாற்பது பெட்டிக்குப் பங்கிட்டால் பெட்டிக்கு 1.17. ஆறரை டாலர் மாவில் அது பெரிய தொகை. தினமும் அரைகுறையாக நிரம்பிய வேன் ஒரே பாதையில் போய் வந்துகொண்டிருந்தது. ஐந்து நாளை இரண்டாக்கினோம்: செவ்வாய், சனி. நாளுக்கு நூறு பெட்டி. வீடு வீடாகப் போவதை நிறுத்தி, லிவர்மோர், பிளசண்டன், டப்ளின், சான் ரமோன் என்று ஊருக்கு ஒரு வாடிக்கையாளரின் கராஜில் ஐஸ் பெட்டி வைத்தோம். மற்றவர்கள் நடந்தோ, வேறு வேலையாக அந்தப் பக்கம் வரும்போதோ எடுத்துக்கொள்ளலாம். கராஜ் தருபவர்களுக்கு வாரம் ஒரு பெட்டி இலவசம். வேறு சில இடங்களும் சேர்த்து ஒரு நடை 95 மைல் ஆனது. ஜூலை முதல் வரித் துறையும் விகிதத்தை 62.5 சென்ட்டாக உயர்த்தியது. வருடத்தின் நடுவில் அவர்கள் அப்படிச் செய்வது அபூர்வம். உயர்ந்த விகிதத்திலும் பெட்டிக்கு 59 சென்ட்தான் வந்தது. வாரத்துக்கு 234 டாலராக இருந்த மைல் செலவு 119 ஆனது.

ஆனால் விநியோக நாள் குறைந்தால் அக்காவின் வேலை நேரமும் பாதியாகிவிடும். இந்த இடத்தில்தான் மனைவியின் தலை வேலை செய்தது. வண்டியில் குறைந்த பத்து மணி நேரத்தைச் சமையலறைக்கு மாற்றினாள். அதுவரை இரவு பதினொரு மணிக்கு மேல் தனியாகப் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தவள் அவள். அக்கா வந்து சேர்ந்ததும் அந்த வேலை பகலில் முடிந்தது. கூடவே அக்காவின் கைப்பக்குவத்தில் எள்ளுப் பொடியும் யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூளும் விற்க ஆரம்பித்தோம். மாவு மாதிரி அவை புளித்துப் போகாது, அதே வேனில் அதே நாளில் போகும், ஒரு மைலும் கூடாது. மைல் விகிதத்துக்கு மேல் கொடுத்தால் அந்தக் கூடுதல் தொகை சம்பளக் கணக்கில் வந்து வரி ஆகிவிடும் என்பதால், நேரடியாக மணிக்கூலியிலேயே ஒரு டாலர் கூட்டினோம்.

இதோடு பெட்டிக்கு 50 சென்ட் விலையும் ஏற்றினோம். ஏற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் கணக்கோடு எழுதினாள்: மைல் செலவு இவ்வளவு, கப்பலில் வரும் உளுந்தின் விலை இவ்வளவு. ஏழு பேர் கழன்றுகொண்டார்கள். "தினமும் வரும்னுதானே உங்ககிட்ட வாங்கறோம்" என்று ஒருவர் கோபித்தார், அவர் சொன்னதும் நியாயம்தான். முழங்கால் வலியோடு தனியாக இருக்கும் சான் ரமோன் மாமிக்கு மட்டும் அக்கா வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தார். "அது கணக்கில எழுத வேண்டாம்" என்றார். எழுதினோம், இரண்டு மைல்.

வியாபாரம் செய்கிறவர்கள் நம்மில் இப்போது நிறையப் பேர். கேட்டரிங், டேகேர், வீட்டு ட்யூஷன், டிரக் என்று என்னென்னவோ. விலை ஏறியதும் முதலில் கை போவது சம்பளத்தின் மேல்தான், ஏனென்றால் செலவுப் பட்டியலில் அதுதான் பெரிய எண். ஆனால் எங்கள் அனுபவத்தில் பணம் ஒழுகியது ஆளிடம் அல்ல, பாதி காலியாக ஓடிய வண்டியில். நம் வேலைக்காகத் தன் காரை ஓட்டுகிறவர் இருந்தால், விலை ஏறிய அன்றே நீங்களாகப் பேச்சை எடுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருந்தால், பல பேர் கேட்காமலேயே நின்றுவிடுவார்கள்.

ஊருக்கு அனுப்பும் பணம் குறையவில்லை. கராத்தே நிற்கவில்லை. பார்க்காத இரண்டு சினிமாத் தளங்களின் சந்தாவும், வியாபாரத்துக்கென்று நான் வாங்கி வைத்திருந்த ஒரு ஆடம்பர மென்பொருளின் சந்தாவும் போயின. அதன் இடத்தில் ஒரு சாதாரண விரிதாள் போதுமானதாக இருந்தது.

விலை ஆகஸ்டில் இறங்கியது. அக்டோபர் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் மறுபடியும் 6.40ஐத் தொட்டது, வருடக் கடைசியில் மீண்டும் விழுந்தது. அக்டோபரில் ஏறியபோது வீட்டில் யாரும் எதையும் மூடலாம் என்று பேசவில்லை. விலை இறங்கிய பிறகும் பழைய ஐந்து நாள் விநியோகத்துக்குத் திரும்பவில்லை. மனைவி இப்போது பத்து மணிக்குத் தூங்குகிறாள். தயிருக்கான சைக்கிள் கூலியை மட்டும் மகன் இரண்டு டாலராக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். காரணம் கேட்டால் விலைவாசி என்கிறான்.